வேலி முதலில், பொட்டு பிறகு: ரோல்பிளே உலகில் தடைக்காதல் எழுதுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதை வளர்க்கிற விளையாட்டுத்தான் ரோல்பிளே. எங்கள் ரோல்பிளே குழுவில் ஓடிய முதலாவது தடைக்காதல் மூன்றாம் வாரத்தில் செத்துப்போனது. எழுதியது நான்தான். எல்ஃப் இளவரசி ஒருத்தி, ஓர்க் படைவீரன் ஒருவன், இரண்டும் மேலைநாட்டு மாயக்கதைகளில் வருகிற இனங்கள். இரண்டாம் வாரமே ஆற்றங்கரையில் சந்தித்து, நிலவைப் பார்த்து, "எங்களை ஒருத்தராலும் பிரிக்கேலாது" என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் வாரம் பார்த்தால் உண்மையாகவே பிரிக்க ஒருத்தரும் இல்லை. ராசா எங்கே, ஊர் எங்கே, சட்டம் எங்கே? ஒன்றையும் நான் எழுதி வைக்கவில்லை. இரண்டு பேரும் மாறி மாறி உருகிக்கொண்டிருக்க, மற்றவர்களில் ஒருவர் மைக்கை அணைக்க மறந்து புட்டுக் குழைத்துச் சாப்பிட்ட சத்தம்தான் அந்த இரவின் பின்னணி இசை.

அதற்குப் பிறகு மூன்று கதைகள் ஓடின. ஒன்று சுமார், ஒன்று பரவாயில்லை, கடைசி நன்றாக வந்தது. அந்தக் கடைசிக் கதையை உதாரணமாக வைத்து, அதை எப்படிக் கட்டினோம் என்று படிப்படியாகச் சொல்கிறேன். மேசையில் பகடை உருட்டுகிறவர்களுக்கும், ஒன்லைன் கேமில் பாத்திரமாக உலவுகிறவர்களுக்கும், டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலியில் எழுத்தாலேயே விளையாடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். டி.எம். என்று நாங்கள் கூப்பிடுகிற கதை நடத்துபவருக்கு முதல் பாதி கூடுதலாக உதவும்.

படி 1: வேலியை அடையுங்கள்

யாழ்ப்பாணத்தில் வெறுங்காணி வாங்கினால் வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட முதலே வேலி அடைப்பார்கள். கதியால் நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்து வரிந்து கட்டி, பிறகுதான் மற்ற வேலை. கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்கு இரண்டு தலைமுறை கதைக்காமல் இருந்த குடும்பங்கள் எல்லா ஒழுங்கையிலும் உண்டு. தடைக்காதலுக்கும் அதுதான் வரிசை. காதலர்களை உருவாக்க முன் தடையை உருவாக்குங்கள். அதற்கு மூன்று கேள்விகள்.

முதலாவது, இந்தத் தடையால் யாருக்கு லாபம்? "இரண்டு இனத்துக்கும் பகை" என்பது பதில் ஆகாது. பகைக்கு அடியில் காணி இருக்கும், தண்ணீர் இருக்கும், வாரிசு இருக்கும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையை எடுத்துப் பாருங்கள். 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்டது, 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். அதில் சொத்து முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடியது) என்று பிரிந்து கிடக்கிறது. கலியாணம் என்றால் எந்தக் காணி எந்தப் பக்கம் போகும் என்ற கணக்கு அதற்குள் வந்துவிடும். உங்கள் எல்ஃப் இளவரசிக்குச் சீதனமாக எந்தக் காடு எழுதப்பட்டிருக்கிறது? அவள் ஓர்க்கைக் கட்டினால் அந்தக் காடு யாருக்கு? இதற்குப் பதில் எழுதின நிமிடமே அரண்மனைக்குள் நாலு எதிரிகள் தாங்களாகவே முளைப்பார்கள்.

இரண்டாவது, தடையை மனதார நம்புகிற நல்ல மனிதர் யார்? லாபம் அடைகிறவன் வில்லன். அவனைச் சமாளிப்பது சுகம். லாபம் எதுவும் இல்லாமல், பெண்ணின் மேல் உள்ள பாசத்தாலேயே "வேண்டாம் பிள்ளை" என்று சொல்கிற ஒருவர் வேண்டும். அவரைச் சமாளிக்க வாளும் மந்திரமும் உதவாது.

மூன்றாவது, முந்தி இந்த வேலியைத் தாண்டினவருக்கு என்ன நடந்தது? பெயரோடு ஒரு ஆள், இடிந்த ஒரு வீடு, ஊர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வருசம். இது போதும்.

இப்போது எங்கள் உலகம். அதை நான் எங்கேயும் போய்த் தேடவில்லை, காலுக்குக் கீழே இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல். வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மாரிமழை கல் வெடிப்புகளால் இறங்கி, அடியில் கிடக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உவர். நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறும். இதை எங்கள் தோட்டக்காரருக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இதையே மந்திர உலகமாக்கினேன். ஒரு கல் தீவு. நடுவில் கிணறுகளின் சொந்தக்காரர், நன்னீரார். களப்பு ஓரத்தில் உப்பு விளைவிக்கிற உவரார், தோலில் உப்புப் பூக்கிற மனிதர்கள். சட்டம் ஒன்றே: உவரார் கை பட்டால் கிணறு உவர்க்கும், ஆகவே அவர்கள் கிணற்றடிக்கு வரக்கூடாது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் தள்ளி நின்று கையேந்த வேண்டும். காவல்காரி உயரத்திலிருந்து ஊற்றுவாள்.

இந்த இடத்தில் நான் ஒரு வாரம் நின்று யோசித்தேன். காரணம், இது கற்பனை இல்லை. எங்கள் ஊர்களில் சாதியின் பேரால் கிணற்றில் அள்ள விடாமல், கையில் ஊற்றிய காலம் இருந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போகவே போராட வேண்டியிருந்தது. கற்பனை உலகத்தில் "உண்மையாகவே இவர்கள் தொட்டால் தண்ணீர் கெடும்" என்று மந்திர விதி எழுதினால், நான் சாதிக்குச் சாட்சி சொன்னவன் ஆவேன். நிறையப் பேர் கவனிக்காமல் விழுகிற குழி இது. ஒரு இனத்தைத் தள்ளி வைப்பதற்குக் கேமின் விதியே நியாயம் கற்பித்துவிடும்.

ஆகவே விதியை மாற்றினேன். கிணறுகள் உவர்ப்பது உண்மை. உவரார் தொட்டதால் என்பது பொய். நன்னீர்ப் பிரபுக்களின் புகையிலைத் தோட்டங்களுக்கு இரவு பகலாகத் துலா மிதித்து இறைப்பதால் அடியில் உள்ள உப்பு ஏறுகிறது. வறட்சி வந்தால் கிணறு கெடும், கெட்டால் எவனாவது உவரான் தொட்டிருப்பான். ஊர் பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறது. கண்டதற்குக் காரணம்தான் பிழை. இப்படி ஒரு தடை கிடைத்தால் விடாதீர்கள். ஏனென்றால் காதலும் உண்மையும் ஒரே பொட்டால், அதாவது வேலியில் உள்ள ஒரே ஓட்டையால், உள்ளே வரும்.

படி 2: இரண்டு பேருக்கும் வேலை கொடுங்கள்

பெண் பெயர் மாரி. அடிகாணாக் கிணற்றின் காவல்காரி, வயது இருபத்தாறு. கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, எத்தனையாம் முடிச்சில் தண்ணீர் உவர்க்கத் தொடங்குகிறது என்று மாதாமாதம் நாக்கில் வைத்துப் பார்த்து ஏட்டில் எழுதுவது அவள் வேலை. அப்பம்மா காலத்தில் முப்பதாம் முடிச்சு. இப்போது இருபத்தொன்று. எண்கள் அவளிடம் இருக்கின்றன, அவற்றைச் சேர்த்துப் பார்க்கப் பயம். ஆண் பெயர் கண்டல், உப்பளக்காரன், இருபத்தெட்டு. ஒரு துளியை நாக்கில் விட்டால் அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடியவன்.

கவனியுங்கள், இருவரும் புரட்சிக்காரர் இல்லை. மாரி தடையை முக்கால்வாசி நம்புகிறாள். கண்டலுக்குக்கூட உள்ளுக்குள் ஒரு சந்தேகம், தன் கையை அவன் களப்பு நீரில் கழுவிவிட்டுத்தான் கிணற்றுப் பக்கம் வருகிறான். ஆரம்பத்திலேயே "இந்தச் சட்டம் அநியாயம்" என்று முழங்குகிற பாத்திரத்துக்கு வளர இடமில்லை. அவர் ஏற்கெனவே வேலிக்கு வெளியே நிற்கிறார்.

ஒருவரிடம் மற்றவருக்குத் தேவையான ஏதோ ஒன்று இருக்க வேண்டும், அழகைத் தவிர. அவளிடம் கணக்கு, அவனிடம் நாக்கு.

ஆயுள் வித்தியாசம் பற்றிக் கேட்பார்கள். டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் என்ற பகடை ரோல்பிளேயில் எல்ஃப் ஒருவர் 750 வருசம் வரை வாழலாம், மனிதர் நூறைக் காண்பதே அபூர்வம். அது துயரம், தடை இல்லை. துயரத்தைத் தடைக்குப் பதிலாக வைத்தால் பாத்திரங்கள் உட்கார்ந்து அழுவதைத் தவிர வேறு வேலை இருக்காது.

படி 3: பொட்டு எங்கே?

வேலி என்று இருந்தால் பொட்டும் இருக்கும். நாயும் கோழியும் போய்வந்து பெருப்பித்த ஓட்டை. அதற்குள்ளால்தான் பக்கத்து வீட்டுக்குக் கறி போகும், கடன் சீனி வரும், கடிதமும் போகும். காதலர்கள் சந்திக்க ஊர் ஏற்றுக்கொண்ட ஒரு சாக்கு வேண்டும். எங்களுக்கு ரியூசன் கொட்டில், நூலகம், நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாள், பருத்தித்துறை பஸ்சின் பின் இருக்கை. உங்கள் உலகத்தில் எது? யாரும் கேள்வி கேட்காத, ஆனால் நேரக் கட்டுப்பாடு உள்ள ஒரு வேலையைத் தேடுங்கள். நள்ளிரவில் காட்டுக்குள் தற்செயலாகச் சந்திப்பது ஒருமுறை மட்டும் செல்லும்.

மாரிக்கும் கண்டலுக்கும் பொட்டு, தண்ணீர் ஊற்றுகிற அந்த இழிவான சடங்கேதான். நாளுக்கு ஒருமுறை, பொழுதுபட முன், மற்ற உவராரும் வரிசையில் நிற்க, ஒருவருக்கு ஒரு வாளி. மொத்தம் அரை நிமிடம்.

ஒன்லைன் கேம்களில் இந்தப் பொட்டைக் கேமே தந்துவிடுவதும் உண்டு. 2004 இல் வந்த வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் ஒரு நல்ல உதாரணம். அதில் அலையன்ஸ், ஹோர்ட் என்று பகையான இரண்டு பக்கம். அலையன்ஸ் பக்கத்து ஆள் தட்டுவதை ஹோர்ட் பக்கத்து ஆள் பார்த்தால் வழக்கமாக விளங்காத எழுத்துக் குப்பையாகத் தெரியும். நீங்களே எழுதுகிற சைகைகூட "ஏதோ விசித்திரமான சைகை செய்கிறார்" என்ற அளவில்தான் மறுபக்கம் போகும். ஆனால் கேமிலேயே உள்ள கையசைப்பு, தலைவணக்கம், அழுகை, சிரிப்பு எல்லாம் போய்ச் சேரும். இரண்டு பேர், ஏழெட்டுச் சைகை, ஒரு பொதுவான பாலம். பேச முடியாத இந்தக் கட்டுப்பாட்டை எரிச்சலாக நினைக்காமல் கதையாக எடுத்தவர்கள் எழுதிய காதல், வெளியே வேறு செயலியில் தனியாகக் கதைத்து வசதியாக எழுதினதைவிட உயிராக இருக்கும். எதை எத்தனையாம் தரம் செய்தாள் என்று எண்ண வேண்டி வருகிறது அல்லவா.

படி 4: ஊரை எழுப்பி வையுங்கள்

இங்கே ஒரு விசயம் சொல்ல வேண்டும். ரோல்பிளே மேலைநாட்டுச் சரக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பகடை உருட்டுகிற வடிவம் 1974 இல் கைகாக்ஸும் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸாகப் போட்டது, சரி. ஆனால் எங்கள் அகத்திணை மரபைத் திரும்பிப் பாருங்கள். பாத்திரத்துக்குச் சொந்தப் பெயர் கிடையாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன் என்று வேடங்கள். ஒவ்வொரு பாட்டும் யாரோ ஒருவரின் கூற்று. புலவர் அந்த வேடத்துக்குள் புகுந்து பேசுகிறார். கலியாணத்துக்கு முந்திய மறைவான காதலுக்குக் களவு என்றே பெயர் வைத்து, தொல்காப்பியத்தில் அதற்கு ஒரு தனி இயலும் ஒதுக்கியிருக்கிறார்கள். தடைக்காதலுக்கான விதிப் புத்தகம் வீட்டில் இருக்க நான் எல்ஃபைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து இரண்டு கருவிகளை நேரே எடுத்துக்கொண்டேன்.

ஒன்று, இரவுக்குறிக்கு, அதாவது காதலரின் இரவுச் சந்திப்புக்கு, வருகிற இடையூறுகள். அகப்பொருள் இலக்கணம் ஏழு சொல்கிறது: தாய் துஞ்சாமை, நாய் துஞ்சாமை, ஊர் துஞ்சாமை, காவலர் கடுகுதல், நிலவு வெளிப்படுதல், கூகை குழறுதல், கோழி குரல் காட்டுதல். இதைவிட நல்ல பகடை அட்டவணை எந்தக் கடையில் வாங்கலாம்? எட்டுப் பக்கப் பகடையை எடுங்கள். 1 வந்தால் தாய் முழித்திருக்கிறாள், 2 வந்தால் நாய், இப்படியே 7 வரை. 8 வந்தால் தடை இல்லாத சந்திப்பு. எட்டில் ஒருமுறைதான் அவர்களால் ஆறுதலாகக் கதைக்க முடியும். அந்த 8 விழுந்த இரவில் எங்கள் குழுவில் எல்லாரும் மைக்கில் கத்தினார்கள், காதலர்களாக விளையாடாதவர்களும் சேர்ந்து.

எங்கள் உலகத்துக்கு ஏற்ற மாதிரிச் சிலதை மாற்றினேன். நிலவு வெளிப்பட்டால் உவராரின் தோலில் உள்ள உப்பு மினுங்கும், மறைய முடியாது. கூகை அப்படியே கூகைதான், எந்த உலகத்திலும் அது பயங்கரம்.

மற்றது அலர். நாலு பேர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், ஊர் வெளிப்படையாகக் கதைப்பது அலர். இதற்கு ஒரு எண் வைத்தோம், பூச்சியத்திலிருந்து பத்து வரை. ஒவ்வொரு சந்திப்பின்போதும் அருகில் எத்தனை கண்கள் இருக்கின்றனவோ அத்தனை ஆறுபக்கப் பகடை உருட்ட வேண்டும். 1 விழுந்த ஒவ்வொன்றுக்கும் எண் ஒன்று ஏறும். மூன்று வரை அம்பல்: கிணற்றடிக்கு மாரி வந்தால் கதை சட்டென்று நிற்கும். நாலிலிருந்து எட்டு வரை அலர்: சந்தையில் மீன்காரி சாடை பேசுவாள், அத்தை ஒருத்தி சாதகக் குறிப்போடு வருவாள். ஒன்பதில் இற்செறிப்பு, வீட்டை விட்டு வெளிக்கிட முடியாது, கிணற்றுக் காவல் இன்னொருத்திக்குப் போகும். பத்தில் என்ன என்பதை எழுதாமல் விட்டோம். எழுதாமல் விட்டதுதான் வேலை செய்தது, எட்டுக்கு மேல் ஒருத்தரும் பகடையைத் தொடத் துணியவில்லை.

பார்க்கிறவர்களை மற்ற ஆட்டக்காரருக்குக் கொடுங்கள். இதனால் அவர்கள் புட்டுச் சாப்பிடப் போகமாட்டார்கள். எங்களில் ஒருவர் தோழியாக விளையாடினார். கனடாவில் இருக்கிற ஒருவர் மாரியின் சித்தியாக. எங்களுக்கு வெள்ளி இரவு ஒன்பது என்றால் ரொறன்ரோவில் கோடையில் காலை பதினொன்றரை, அவர் வேலை இடைவேளையில் காருக்குள் இருந்து ஊர்ச் சித்தியாகப் பேசுவார். சித்தியின் தமக்கை முந்தி ஒரு உவரானோடு போனவள். அந்த வருசம் வறட்சி, ஒன்பது கிணறு உவர்த்தது, ஊர் அந்த வீட்டுப் படலையைக் கட்டி மூடியது. மூன்றாவது கேள்விக்கான பதிலும், இரண்டாவது கேள்விக்கான நல்ல மனிதரும் ஒரே ஆளில். சித்தி கெட்டவள் இல்லை. அவள் எண்ணி வைத்திருக்கிறாள், ஒன்பது.

படி 5: பேச்சு

ஐ லவ் யூ என்பதை எந்த மொழியில் போட்டாலும் ரோல்பிளேயில் அது கதவைச் சாத்துகிற வசனம். அதைத் தள்ளிப் போடுவதற்கு எங்களுக்குக் கையில் ஒரு சொத்து இருக்கிறது: நீங்கள், நீர், நீ. யாழ்ப்பாணத்தானுக்கு இந்த மூன்றும் மூன்று தூரம். நீங்கள் என்றால் மரியாதை அல்லது அந்நியம். நீர் என்றால் சமதை, கொஞ்சம் கண்டிப்பு, கொஞ்சம் நெருக்கம், ரியூசனில் அடுத்த வாங்கில் இருக்கிற பெட்டையிடம் கொப்பி கேட்கிற தூரம். நீ என்றால் உரிமை, இல்லாவிட்டால் அவமதிப்பு. மூன்று மாதக் கதையை இந்த மூன்று சொல்லிலேயே ஓட்டலாம்.

கூடாத மாதிரி இது, என் பழைய கதையிலிருந்து:

"உன் விழிகளில் என் விண்மீன்களைக் கண்டேன். எங்கள் இனங்கள் எங்களை வெறுக்கட்டும், என் இதயம் உனக்கே."

விளையாடுகிறவர் இதற்கு என்ன பதில் எழுதுவது? "எனக்கும் அப்படித்தான்" என்றுதான். முடிந்தது கதை.

இது மாரியும் கண்டலும், முதலாம் நாள். வரிசையில் கடைசி ஆள் அவன். மாரி கிணற்றுக் கட்டில் ஏறி நின்று, வாளியைத் தலைக்கு மேல் பிடித்து ஊற்றுகிறாள். தண்ணீர் அவன் கையில் பாதி, மண்ணில் பாதி.

"எத்தினையாம் முடிச்சில அள்ளினது?"

"உமக்கு ஏன் அது? குடிச்சிட்டு நடவும்."

"இருபத்திரண்டைத் தாண்டி இறக்கிப்போட்டியள் போல. அடித்தண்ணி."

மாரி பதில் சொல்லவில்லை. அன்றிரவு, அன்றைக்கு அள்ளிய முடிச்சை ஏட்டில் பார்க்கிறாள். இருபத்துமூன்று.

ஏழாம் நாள்:

"இண்டைக்கு?"

"நீரே சொல்லும்."

அவன் குடிக்கிறான், யோசிக்கிறான். "பத்தொன்பது. ஆனா களப்பு உப்பு இல்லை இது. கீழ இருந்து வாற உப்பு."

"மெதுவாக் கதையும். பின்னால ஆள் நிக்குது."

காதல் என்ற சொல் எங்கேயும் இல்லை. அவனை அவள் கூப்பிடுகிறது முதல் நாளே "உமக்கு", அதில் இருந்தது அதட்டல். ஏழாம் நாள் "நீரே சொல்லும்", இது வேறு நீர். அவன்தான் "போட்டியள்" என்று மரியாதையில் நிற்கிறான், அவனுக்கு நீர் என்று சொல்ல உரிமை இல்லை. பதினோராம் வாரம் அவன் வாய் தவறி "நீர்" என்றபோது வரிசையில் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார். பகடையில் 1. அலர் ஏறியது. இரண்டெழுத்துச் சொல்லால் எண் ஏறிய அந்த இடம்தான் முழுக் கதையிலும் எனக்குப் பிடித்தது.

பேச்சோடு ஒரு பொருளையும் பிணைத்து விடுங்கள். எங்களுக்கு வாளியின் உயரம். முதல் நாள் தலைக்கு மேல். மூன்றாம் வாரம் தோள். ஆறாம் வாரம் நெஞ்சு. மாரியாக விளையாடியவர் ஒருபோதும் அதை விளக்கவில்லை, ஒவ்வொரு முறையும் உயரத்தை மட்டும் எழுதினார். ஒன்பதாம் வாரம் வாளி விளிம்பு அவன் விரலில் முட்டியது. அப்போது மற்றவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

எழுத்தில் விளையாடுகிறவர்களுக்கு ஒரு சின்னத் தொழில்நுட்பக் குறிப்பு. டிஸ்கோர்ட்டில் ஒரு செய்திக்கு 2000 எழுத்து எல்லை, ஆனால் அது எண்ணும்போது "கு" இரண்டாகப் போகும், "க்" கூட இரண்டுதான். எங்கள் கண்ணுக்கு ஆயிரத்துச் சொச்சம் எழுத்தாகத் தெரிவது எல்லையைத் தொட்டுவிடும். நல்லதுதான், நீட்டி முழக்க விடாது.

படி 6: ஆட்டக்காரருக்குள் உடன்பாடு

முதல் நாள் விளையாட்டைத் தொடங்க முன் இருந்து கதைத்துவிடுங்கள். நடைமுறை விசயம், சுருக்கமாகச் சொல்கிறேன். காதல் கதையில் பாத்திரங்களும் சரி, அதை விளையாடுகிறவர்களும் சரி, வயது வந்தவர்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை, "அவள் முந்நூறு வயது எல்ஃப், பார்க்கத்தான் சின்னப்பிள்ளை" என்ற சாக்கு எங்கள் குழுவில் செல்லாது. எந்த விசயம் கதையில் வரவே கூடாது, எது திரைக்குப் பின்னால் நடக்கலாம் என்று எல்லாரும் சொல்லி எழுதி வையுங்கள். சாதி, போர், வீட்டு வன்முறை இவற்றில் எங்கள் ஆட்களுக்குச் சொந்தக் காயம் இருக்கும், கேட்காமல் தொடாதீர்கள். ஜோன் ஸ்டாவ்ரோபொலஸ் அறிமுகப்படுத்திய எக்ஸ் கார்ட் முறை எளிது: ஒருவர் அட்டையைத் தொட்டால், டிஸ்கோர்ட்டில் ஒரு எக்ஸ் போட்டால், அந்தக் காட்சி விளக்கம் கேட்காமல் விலகும்.

மற்றவரின் பாத்திரத்தை நீங்கள் அசைக்காதீர்கள். "அவன் அவளைப் பார்த்ததும் அவள் மயங்கினாள்" என்று எழுதினால் அவள் மயங்கினாளா இல்லையா என்று சொல்ல வேண்டிய ஆள் பக்கத்தில் வெறுமனே இருக்கிறார். உங்கள் கையை நீட்டுவது வரை எழுதலாம்.

பாத்திரத்துக்கு வெளியே பேசுவதை இரட்டை அடைப்புக்குறிக்குள் போடுவது பழைய பழக்கம், நல்ல பழக்கம். பாத்திரத்தின் உணர்வு ஆளுக்குள் கசிவதும் நடக்கும். மாரி கண்டல் காட்சிகள் முடிந்ததும் நாங்கள் கட்டாயம் பத்து நிமிடம் வேறு கதை கதைப்போம், பெரும்பாலும் கிரிக்கெட். வீட்டில் துணை உள்ளவர்கள் அவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நடுச்சாமத்தில் "வாளியைக் கொஞ்சம் பதிச்சுப் பிடியும்" என்று உருகிப் பேசுகிற சத்தம் அறைக்கு வெளியே கேட்டால் விளங்கப்படுத்துவது கஷ்டம்.

படி 7: எங்கே கொண்டுபோவது

பொதுவாக எல்லாரும் இரண்டு முடிவுதான் எழுதுவார்கள், சாவு அல்லது ஓட்டம். சாவு எழுதுவது வெகு சுகம், ஆகவே அதை நான் கடைசியில் வைப்பேன். ஓட்டத்துக்கு அகமரபில் உடன்போக்கு என்று பெயர், அங்கே கவனிக்க வேண்டியது ஓடினவர்களை விட்டுவிட்டு, தேடிப் போகிற செவிலித்தாயைப் பாட வைக்கிறார்கள். வழியில் வருகிறவர்களை நிறுத்தி, கண்டீர்களா என்று கேட்கிறாள். உங்கள் கதையில் காதலர் ஓடினால் அடுத்த வாரக் காட்சியை வெறும் வீட்டில் தொடங்குங்கள்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது: அறத்தொடு நிற்றல். மறைத்ததை வெளியே சொல்வது. மரபில் அது ஒரு சங்கிலி. தலைவி தோழிக்கு, தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கு. ஒவ்வொரு கண்ணியிலும் ஒருவர் சொல்லலாமா விடலாமா என்று தடுமாறலாம், ஒவ்வொரு கண்ணியும் ஒரு ஆட்டக்காரரின் கையில். ரோல்பிளேக்கு இதைவிடப் பொருத்தமான முடிவை நான் காணவில்லை. காதலர்களுக்கு மட்டும் என்றில்லை, எல்லாருக்கும் ஒரு வாக்கு இருக்கிறது.

எங்கள் கதையில் அலர் எட்டில் நின்றது. தோழி சித்தியிடம் சொன்னாள். சித்தி நாலு நாள் ஒருத்தருக்கும் சொல்லவில்லை, பிறகு மாரியைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள், கோழி கூவ முன். வரிசை இல்லை, ஊர் இல்லை. கண்டல் வேலிக்கு அப்பால் நின்றான்.

மாரி கயிற்றை இறக்கினாள். முடிச்சுகளைச் சத்தமாக எண்ணினாள். பதினாறில் நிறுத்தி அள்ளி, வாளியைச் சித்தியிடம் நீட்டினாள். சித்தி குடித்தாள். உவர்.

"ஆர் தொட்டது, சித்தி? இந்த மாசம் முழுக்க இஞ்ச நான்தானே நிண்டனான்."

கனடாக்காரர் மைக்கில் ஒன்றும் பேசவில்லை. காருக்கு வெளியே யாரோ போகிற சத்தம் கேட்டது. பிறகு எழுத்தில் வந்தது:

சித்தி வாளியைக் கீழே வைக்கவில்லை. வேலிப் பக்கம் நடந்துபோய், பொட்டுக்கு நேரே நிற்கிறா. "தம்பி, உமக்கு நாக்கு நல்லதாமே. அக்கான்ர வளவுக் கிணத்தை ஒருக்கா வந்து பாரும்."